பச்சைப் பையும் ஒரு சீப்பும்

மருத்துவமனைக்குப் பை அடுக்க வேண்டுமென்றால் எங்கள் தோட்டத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தேன். பொருள்களை ஒழுங்காக வைப்பது எனக்கு வேலை மட்டுமல்ல, பொழுதுபோக்கும்கூட. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் தொழிலாளர் லயத்துக் கர்ப்பிணிப் பெண்கள் என்னிடம் வந்துவிடுவார்கள். எது அடியில் இருக்க வேண்டும், எது கையை விட்டவுடன் கிடைக்க வேண்டும், ஈரத்துணியை எதில் சுற்றி வைப்பது என்றெல்லாம் நான் சொல்வேன்.

அதனால் எண்பதுகளின் தொடக்கத்தில், என் தோழிக்கு மார்பில் இருந்த கட்டியை அறுத்து எடுத்துவிட்டு, இனிமேல் மருந்து ஏற்ற வேண்டும் என்று பினாங்கில் டாக்டர் சொன்னபோது, யாரும் கேட்காமலே நான் பையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அது என் கணவருடைய பை. பச்சை ரெக்சின், பெரிய ஜிப், தோளில் மாட்ட நீள வார். பூப்பந்து மட்டையை அதில்தான் கொண்டு போவார். மட்டையை வெளியே எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

தோழி எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. சிறு வயதில் டவுன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவள் கத்தோலிக்கப் பெண். ஞாயிறு பூசையில் அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்கும் என்று அவள் கணவரே சொல்வார். அவர் தோட்டத்து லோரி ஓட்டுபவர். மனைவி பேசுகிற பேச்சே வீட்டுக்குப் போதும் என்று நினைப்பவர்போல அமைதியாக இருப்பார்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஆறு முறை மருந்து ஏற்ற வேண்டும். நடுவில் நிறுத்தினால் பயனில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். தோழியும் தெளிவாகத்தான் இருந்தாள். ஒரே ஒரு தடவை போவாள். அதற்கு மேல் யாரும் தன்னைக் கேட்கக் கூடாது. அறுத்ததே போதும் என்றாள். அவள் கணவர் என்னிடம் வந்து, "நீதான் எப்படியாச்சும் பேசணும் தங்கச்சி" என்றார். எனக்கு அடுக்கத் தெரிந்த அளவுக்குப் பேசத் தெரியாது. அதனால் அடுக்கினேன்.

பையை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கணவரும் இருந்தார். அவள் கூடத்தில் பாயை விரித்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். இரண்டு கைலி. வயிற்றில் கட்டும் நீளத் துணி. காயத் தைலம். உரித்த பூண்டு ஒரு டப்பா. பழந்துணி, நன்றாகத் துவைத்து மடித்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்குடி பிரசவம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மருத்துவமனைப் பை என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பைதான். கை தன் போக்கில் அதையே அடுக்கியிருக்கிறது. அவள் சிரிக்கத் தொடங்கினாள். தையல் போட்ட இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று என்னைத் திட்டிக்கொண்டே சிரித்தாள். கடைசியில் பையின் அடியிலிருந்து ஒரு சீப்பு வந்தது. புதுச் சீப்பு, ஆரஞ்சு நிறம். சிரிப்பு நின்றது. இந்த மருந்துக்கு முடி கொட்டும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அவள் கணவர் லோரி டயரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார்.

அவள் கொண்டையை அவிழ்த்து, அந்தச் சீப்பாலேயே நிதானமாகச் சீவினாள். முடி இடுப்பு வரை இருந்தது. பிறகு சீப்பைப் பையின் அடியிலேயே போட்டாள். "இருக்கட்டும். இருக்கிற வரைக்கும் சீவிக்கிறேன்."

முதல் தடவை போய் வந்தாள். பஸ்ஸில் சுங்கைப் பட்டாணி, அங்கிருந்து பட்டர்வொர்த், பிறகு ஃபெரி. திரும்பும் வழியெல்லாம் வாந்தி. வாடை தெரியாமல் இருக்கட்டும் என்று நான் கைக்குட்டையில் தெளித்து வைத்த வாசனைத் தண்ணீர்தான் பாதி வாந்திக்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. ஒரு வாரம் கழித்து அவள் கணவர் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு பொட்டலம் சீனி, அடியில் அந்தச் சீப்பு. அவள் இனிமேல் போக மாட்டாளாம். பையைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாளாம்.

எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. குழம்பு வந்த கிண்ணத்தில் நாலு மிளகாயாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். அந்தச் சீனி அந்த மரியாதைக்காக வந்தது. அன்று மாலை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பையை எடுத்து மறுபடி அடுக்கினேன். உப்பு பிஸ்கட், நாக்குக்குப் புளிப்பாக ஆசாம் போய் உலர்பழம், காலுறை, தடிமனான துண்டு. தைலம் இல்லை, வாசனை எதுவும் இல்லை. சீப்பைக் கழுவி அடியில் வைத்தேன். அவள் வீட்டுக்குப் போய்ப் பையை முன்னால் வைத்தேன்.

"என்னடி இது? உன் பைய உனக்குத் திருப்பிக் குடுத்தாச்சு."

"சீனியோட வந்துச்சு. உன் வீட்டுச் சீனிய வாங்கிக்கிட்டு நான் சும்மா இருக்க முடியுமா?"

"அது பைக்கு மரியாத லா. அதோட முடிஞ்சது."

"உன் மரியாதைக்கு நான் மரியாத செய்ய வேணாமா?"

"அப்படிப் பாத்தா இது எப்ப முடியுறது?"

"முடியாது," என்று அடுப்படியிலிருந்து அவள் கணவரின் குரல் வந்தது. அவர் அங்கே இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

அவள் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முகம் வற்றியிருந்தது, ஆனால் வாய் ஓரத்தில் பழைய குறும்பு வந்துவிட்டது. பை வந்தால் போகிறேன், வராவிட்டால் போக மாட்டேன் என்றாள். பிரசவச் சாமான் கூடாது. ஒரு தடவை வைத்ததையே மறுபடி வைத்து ஏமாற்றவும் கூடாது. "நீ எத்தன தடவ அடுக்குறேன்னு பாக்கலாம்" என்று சவால் விட்டாள். அன்றைய நாட்குறிப்பில் மழை பெய்ததையும் இதையும் மட்டும் எழுதிவிட்டுப் படுத்தேன்.

அன்றிலிருந்து என் தலை முழுவதும் அந்தப் பைதான். இரண்டாம் முறை போகும் முன் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் கேட்டு, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் கட்டுரைப் புத்தகங்களை வாங்கி உள்ளே வைத்தேன், கூடவே ஒரு சிவப்புப் பேனாவும். வலது கையில் ஊசி இருந்ததால் இடது கையால் திருத்தியிருக்கிறாள். ஒரு பையன் 'எங்கள் வீட்டுப் பசு' என்ற கட்டுரையில் பசுவைப் பற்றி ஒரு வரியும், பசு உதைத்த அவனுடைய மாமாவைப் பற்றி ஒரு பக்கமும் எழுதியிருந்தானாம். அதை அவள் மலாய் மொழியில் சொல்லிச் சொல்லி, மருந்து ஏற்றிய தாதிகூடச் சிரித்தாளாம். கோணல்மாணலாக விழுந்த சரிக் குறிகளைப் பார்த்த பிள்ளைகள், டீச்சர் பஸ்ஸில் உட்கார்ந்து திருத்தியதாக முடிவுகட்டினார்கள். பை திரும்பி வந்தபோது உள்ளே சோற்றில் வாசனைக்குப் போடும் ரம்பை இலை ஒரு கட்டு.

மூன்றாம் முறைக்கு ஒரு பருத்தித் தொப்பி தைத்தேன். அவள் தலையை அளவுநாடாவால் சரியாக அளந்துதான் தைத்தேன். ஆனால் அளந்தபோது முடி இருந்தது. முடியெல்லாம் போன பிறகு போட்டுப் பார்த்தால் தொப்பி மூக்கில் வந்து நின்றது. அவள் தொப்பிக்குள்ளிருந்தே, "எல்லா விளக்கையும் அணைச்சிட்டியாடி?" என்றாள். பிறகு அதைப் பிஸ்கட் பொட்டலம் நொறுங்காமல் இருக்கப் போடும் உறையாக்கினாள். அந்த முறை பை குருத்தோலைச் சிலுவையோடு வந்தது. அதை எங்கள் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் செருகினேன். வெகுநாள் அங்கேயே இருந்தது.

நான்காம் முறை அவள் கணவருக்கு விடுப்பு கிடைக்காததால் நான் கூடப் போனேன். ஃபெரியின் மேல்தட்டில் காற்று பலமாக அடித்தது. தலையில் கட்டியிருந்த துணியை அவளே அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். நான் கூச்சத்தில் கடலைப் பார்த்தேன். "நல்லா குளுகுளுன்னு இருக்குடி. உனக்கெல்லாம் இது கிடைக்காது" என்று என்னைச் சீண்டினாள். கரை வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் முறைதான் மோசம். ரத்தம் குறைந்து, வார்டில் கூடுதலாகத் தங்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. இதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். பையும் வரவில்லை. நானாகப் போய்க் கேட்டால், யாரும் கேட்கக் கூடாது என்று அவள் வைத்த சட்டத்தை மீறியதாகிவிடும். ஆபீசில் சம்பளப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு காலையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, அவள் கணவர் லோரியை வாசலில் நிறுத்தி இறங்கினார். தோளில் பை. உள்ளே ஒரு துண்டு சாக்கட்டி, அடியில் சீப்பு. அவ்வளவுதான். வேறு எதுவும் எடுத்து வைக்க அவளுக்குத் தெம்பில்லை, பள்ளிக்கூடத்துக் கைப்பையில் கிடந்ததை எடுத்துப் போட்டாள் என்றார்.

ஆனால் பை வெறுமையாக வரவில்லை. நான் மேசையிலிருந்து எழுந்தேவிட்டேன்.

ஆறாவது பையை நான் மட்டும் அடுக்கவில்லை. விஷயம் எப்படியோ பரவியிருந்தது. டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய், தங்கச்சி வாய்க்கு ருசியாக இருக்கும் என்று இஞ்சி மிட்டாய் கொடுத்தார். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைப் பெண்கள் மெத்தென்ற தலையணை ஒன்று தைத்திருந்தார்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் மாடு வரைந்து அனுப்பினார்கள், எல்லா மாடும் உதைத்துக்கொண்டிருந்தது. எது எங்கே இருக்க வேண்டும் என்ற என் ஒழுங்கு எதற்கும் அந்தப் பையில் இடமில்லை. கடைசியில் நான் பைமேல் ஏறி உட்கார, என் கணவர் ஜிப்பை இழுத்தார்.

அதன்பிறகு பை வரவே இல்லை. ஒரு மாதம் போயிற்று, அதற்கு மேலும் போயிற்று. அவளைப் பார்ப்பேன், பேசுவேன், சாப்பாடு இறங்குகிறது என்பாள். பையைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் கணவர் மட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு ஆடப் போய்வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். பசியாறிவிட்டு நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். தலையில் துணி இல்லை. முளைப்பாரி போல முடி கருகருவென்று நிமிர்ந்து நின்றது. டாக்டர் பார்த்துவிட்டாராம். இனி மருந்து இல்லை, அவ்வப்போது காட்டினால் போதுமாம். சொல்லிவிட்டுப் பையை என்மேல் எறிந்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு ஜிப்பைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. கவிழ்த்து உதறினேன், ஒரு பிஸ்கட் தூள்கூட விழவில்லை.

"வெறும் பையா கொண்டாந்திருக்கே?"

"பின்ன? எதையாச்சும் வச்சா நீ மறுபடி அனுப்புவ."

"சீப்பு எங்கடி?"

தலையைத் தடவிக்கொண்டாள். "அது எனக்கு வேணும்."

இன்னொரு தடவை பையைக் கவிழ்த்து உதறினேன். அன்று மாலை என் கணவர் தம் மட்டையை அதற்குள் வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு ஆடப் போனார்.