திக்கித் திக்கிச் சொன்ன கண்மாய்

எனக்குத் திக்குவாய். சிறு வயதிலிருந்தே உண்டு. ‘க’ தொண்டையில் நின்றுவிடும், ‘ப’ உதட்டில் நின்றுவிடும். எதிரில் இருப்பவர் பொறுமை இழந்து அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கும்வரை அங்கேயே நிற்கும். அதனால்தான் மதுரையில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிக்கெட் போடும் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பதினோரு வருஷம் அந்த நாற்காலியில் நிம்மதியாக இருந்தேன்.

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய படம் உண்டு. பனிமலை, அடியில் நீல ஏரி, கரையில் ஓடு வேய்ந்த ஒரு பழைய ஊர். வருகிறவர்கள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொடைக்கானலுக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டு போவார்கள். போன மழைக்காலத்தில் பேரையூர்ப் பக்கம் கண்மாய்களெல்லாம் நிரம்பிவிட்டன என்று கேள்விப்பட்டதும் எங்கள் முதலாளியம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. நம் பக்கத்திலும் மலையடிவாரத்தில் ஏரி இருக்கிறது, பாளையக்காரர் காலத்து ஊர்கள் இருக்கின்றன, ஒரே நாளில் சுற்றிக்காட்டினால் என்ன? ஊர்களைப் பற்றிய குறிப்புகளை நான்தான் எழுதினேன். எழுதும்போது எனக்குத் திக்காது. பேசுவதற்கு வேறொரு வழிகாட்டி இருந்தார்.

முதல் பயணத்தன்று காலையில் அவருக்குக் கடும் காய்ச்சல்.

“நீ எழுதுனதுதானே, நீயே போயிட்டு வா” என்றார் முதலாளியம்மா போனில்.

“மேடம், எ... என்னால...”

“வேன்ல பன்னெண்டு பேரு உக்காந்திருக்காங்க. இப்ப வேற ஆளுக்கு நான் எங்க போவேன்?”

வேனில் ஏறி மைக்கைப் பிடித்தேன். ‘காலை வணக்கம்’ என்பதில் ‘கா’ வரவில்லை. இரண்டாவது வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த அத்தர் கடைக்காரர், “காலை வணக்கமா தம்பி?” என்று எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷர். திருமங்கலம் வரும்வரை எனக்கு நின்ற சொல்லையெல்லாம் அவரே எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் நான் சற்றுக் குறுகிப்போனேன். பின்னாலிருந்து ஒரு பெண், “வேற ஆள் இல்லையா?” என்று மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் என் காதில் விழுந்தது.

திருமங்கலத்தில் டீ குடிக்க இறங்கினோம். டிரைவரிடம் போய், “அண்ணே, நான் இங்கேருந்து பஸ் ஏறித் திரும்பிப் போயிரவா?” என்றேன்.

“போயிட்டா, நான் வண்டிய ஓட்டுவனா, கதை சொல்லுவனா? டீயக் குடி மாப்ள.”

குடித்தேன். மறுபடி வேனில் ஏறியபோது முன் இருக்கையில் இருந்த பெரியவர் கையை நீட்டி என் தோளைத் தேடித் தொட்டார். கண் தெரியாதவர். மிஷன் கல்லூரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“கொஞ்சம் எம் பக்கத்துல உக்காருங்களேன். எப்பவும் எங்க வீட்டம்மாதான் வெளிய என்ன இருக்குன்னு சொல்லிக்கிட்டு வருவாங்க. இன்னைக்கு வேன் ஒத்துக்கல, பின்னால போயிப் படுத்துட்டாங்க.”

“எனக்குத் தி... திக்கும் சார்.”

“காலையிலேருந்து கேட்டுக்கிட்டுத்தான வாரேன். எனக்கு ஒரு அவசரமும் இல்ல. வெளிய என்ன தெரியுது?”

“காடு சார்.”

“என்ன வெள்ளாம?”

அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். “ப... பருத்தி.”

“வெடிச்சிருச்சா?”

“ப... ப... பாதி வெடிச்சிருக்கு” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் காடு பின்னால் போய், அடுத்த காடு வந்துவிட்டது. நல்லவேளை, அதிலும் பாதிதான் வெடித்திருந்தது. அவர் ஒரு சொல்லைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. முகத்தைச் சன்னல் பக்கம் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

சாப்டூர் மலைக்குக் கீழே இருந்த கண்மாயில் என் முழங்கையைப் பிடித்தபடி கரையேறினார். கண்மாயின் பரப்பளவு, கரையின் நீளம் எல்லாம் என் சட்டைப்பையில் இருந்த தாளில் இருந்தன. அவர் கேட்டது வேறு. மலை எந்தப் பக்கம்? தண்ணீரில் அதன் நிழல் விழுகிறதா? இரைச்சல் கேட்கிறதே, எங்கே மறுகால் பாய்கிறது?

ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருப்பதை, தண்ணீரில் மலை தலைகீழாகக் கிடப்பதை, நிரம்பி வழிந்த தண்ணீர் கல்வரிசையில் இறங்கி வெள்ளையாக உடைவதை. திக்கத்தான் செய்தது. நான் கண்டுகொள்ளவில்லை. சற்று நேரத்தில் மற்றவர்களும் எங்களைச் சுற்றி நிற்பது தெரிந்தது. ஒரு சொல் நின்றபோது அத்தர் கடைக்காரர் வாயைத் திறந்தார். அவருடைய மகள், “அத்தா, இருங்க. அவங்களே சொல்லட்டும்” என்றாள்.

அந்த நேரம் பார்த்து நடுத்தண்ணீரில் ஒரு பெரிய பறவை வந்து இறங்கியது.

“அது என்ன சத்தம்?” என்றார் பெரியவர்.

“கூ... கூ... கூ...” நெடுநேரம் போராடி, “கூழைக்கடா” என்று நான் சொன்னபோது அது எழுந்து பறந்தே போய்விட்டது. முதலில் சிரித்தது நான்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை. என் வாழ்வில் அது முதல் தடவை.

“சரி, எப்படிப் பறந்துச்சுன்னாவது சொல்லுங்க” என்றார் அவர். சொன்னேன்.

மத்தியானம் பேரையூரில் பழைய சுவர்களுக்கு நடுவே நின்று தாளைப் பார்க்காமலே கதை சொன்னேன். திரும்பும் வழியில் பெரியவரின் மனைவி தெளிந்து எழுந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெரியவர் அவரிடம் சொல்ல ஆரம்பித்தார். “நீ பாக்காம விட்டுட்ட. மலை தண்ணிக்குள்ள தலைகீழாக் கெடந்துச்சு. அம்புட்டுப் பெரிய கூழைக்கடா, தண்ணிய மிதிச்சு ஓடித்தான் மேல ஏறுச்சு.”

“நீங்க பாத்தீங்களாக்கும்” என்றார் அந்த அம்மா.

“பாத்தேன்ல” என்றார் அவர்.

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை நான்தான் போகிறேன். திக்கல் குறையவில்லை. வேறு வழிகாட்டி வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. முதலாளியம்மா அவர்களை, அந்த இன்னொரு வழிகாட்டி போகும் அடுத்த வாரத்துக்கு எழுதிக்கொள்வார். போன மாதம் வடக்கே, பரவை தாண்டி உள்ள கண்மாய்களையும் சேர்த்து ஒரு புது வழி போட்டோம். முதல் பயணத்துக்கு யாரை அனுப்புவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

“நான் போ... போறேன் மேடம்” என்றேன்.