அந்தோணியார் தேடிக் கொடுத்த அடாப்டர்

எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும் அந்தோணியாரைத்தான் கூப்பிடுவோம். பீரோ சாவி, அம்மாவின் கம்மல் திருகாணி, ஒருமுறை ரேஷன் கார்டு, எல்லாம் அவர் எடுத்துக் கொடுத்ததுதான். கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், ஆனால் கொடுத்துவிடுவார். அப்படி அவர் கொடுத்தவற்றில், தொலையாமலே கிடைத்த பொருள் ஒன்று உண்டு. சுண்டுவிரலில் பாதி அளவு இருக்கும். கம்ப்யூட்டரில் சொருகினால் காற்றிலிருந்தே இண்டர்நெட்டை இழுத்துக் கொடுக்கும் என்று சித்தப்பா சொன்ன வயர்லெஸ் அடாப்டர்.

அப்போது எனக்குப் பத்து வயது. நாங்கள் கிளியனூரில் இருந்தோம். அப்பா குவைத்தில் ஒரு சமையல் கூடத்தில் வேலை செய்தார். அவர் போனபோது நான் இரண்டாவது படித்தேன். அதன்பிறகு அப்பா என்பது வெள்ளிக்கிழமை மத்தியானம் போனில் வருகிற ஒரு குரல். இப்போது என் வீட்டுக்காரர் வேலைக்குப் போன இடத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டு என்ன குழம்பு என்று சட்டியை எட்டிப் பார்க்கிறார். அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தது பட்டன் வைத்த போன். அதில் குரல் மட்டும்தான் வரும்.

அந்த வருடம் கோடை லீவில் எனக்குப் புதுநன்மை. ஆண்டவரை முதல்முதலாக நாவில் வாங்குகிற நாள். வெள்ளை கவுன், தலையில் கிரீடம், கையில் ரிப்பன் கட்டிய மெழுகுவர்த்தி. ஆண்டவர் வருவது பெரிய விஷயம் என்று சிஸ்டர் தினமும் புதுநன்மை வகுப்பில் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் எனக்கு முக்கியம், அந்தக் கவுனில் என்னை அப்பா பார்க்க வேண்டும். அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

அதற்கு வழி செய்கிறேன் என்று கிளம்பியவர்தான் சித்தப்பா. அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகாமல் எங்களோடுதான் இருந்தார். திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை. அங்கே கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரை, அதன் திரைமேல் மாட்டுகிற ஒரு சின்னக் கேமராவோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, அதில் லினக்ஸ் என்பதை ஏற்றி வைத்திருந்தார். அது இலவசம், வைரஸ் வராது, உலகத்தில் உள்ள நல்லவர்கள் எல்லாம் சேர்ந்து எழுதியது என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லுவார். புதிதாக மனம் திரும்பியவர்கள் பேசுகிற மாதிரி இருக்கும்.

இண்டர்நெட்டும் தூரத்தில் இல்லை. அடுத்த வீட்டு டீச்சர் வீட்டில் இருந்தது. எங்கள் ஜன்னல் வரைக்கும் அது வரும் என்று சொல்லி, பாஸ்வேர்டையும் டீச்சர் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பேசலாம் என்றும் சொன்னார்கள். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்க, மூன்று வருடமாகப் பார்க்காத புருஷன் முகத்தைப் பார்ப்பதா என்று வெட்கம். ஆகவேதான் சித்தப்பா அடாப்டர் வாங்கி வந்தார்.

அதோடு ஒரு சிடி வந்தது. அது விண்டோஸுக்கு மட்டும்தான். லினக்ஸுக்கு டிரைவர் தனியாகப் போட வேண்டும் என்றார் சித்தப்பா. அது என்னவென்று அம்மா கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

"திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சாமியார் வந்து பிரசங்கம் வெச்சாரில்ல அண்ணி? பக்கத்துல நின்னுக்கினு உபதேசியார் தமிழ்ல சொன்னாரு. அந்த உபதேசியார்தான் டிரைவர். இது பேசறது அதுக்குப் புரியணும்."

"அப்ப அந்த உபதேசியார இட்டுக்கினு வா."

"அவரு இண்டர்நெட்லதான் இருக்காரு."

"இண்டர்நெட்டு வர்றதுக்குத்தானே இதையே வாங்கினே?"

உண்மையில் அதுதான் சங்கடம். டிரைவரை எடுக்க இண்டர்நெட் வேண்டும், இண்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும். அவர் காலையில் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறுவார். சாயந்திரம் எதையாவது இறக்கிக்கொண்டு வருவார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக என்னென்னவோ தட்டுவார். எழுத்துகள் மடமடவென்று ஓடும். வந்துவிட்டது போல இருக்கும். கடைசி வரியில் நின்றுவிடும். இன்னொரு ஃபைல் இல்லை என்கிறதாம். மறுநாள் அதை எடுத்து வருவார். அது எங்கள் லினக்ஸுக்கு ஆகாதாம், வெர்ஷன் நம்பர் வேறாம். சென்டரில் இருந்த கம்ப்யூட்டரின் நம்பரை இதன் நம்பர் என்று நினைத்துவிட்டாராம். உபதேசியார் வந்துவிட்டார், ஆனால் வேறு பங்குக்குப் போய்விட்டார் என்று அம்மா சொல்லிச் சிரித்தாள்.

நான் கோவிலில் குகை மாதிரி கட்டிய கெபியில் இருந்த அந்தோணியாரிடம் டிரைவர் வர வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டேன். டிரைவர் என்றால் அவருக்குத் தெரியுமோ என்று, வயர்லெஸ் அடாப்டர் டிரைவர் என்று முழுப் பெயரும் சொன்னேன்.

புதுநன்மைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒருநாள் சிஸ்டருக்குக் காய்ச்சல் என்று வகுப்பைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். நான் ஓடி வந்து வாசற்படியில் நின்றேன். சித்தப்பாவும் அம்மாவும் கம்ப்யூட்டருக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். திரை இருட்டாக இருந்தது. ஆனால் சொருகியிருந்த அடாப்டரில், அதுவரை நான் பார்த்திராத ஒரு பச்சை விளக்கு, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி எரிந்துகொண்டிருந்தது.

"வந்துடுச்சா சித்தப்பா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கும் முன்பே அடாப்டரைப் பிடுங்கிவிட்டார். "வரல பாப்பா."

அம்மா எழுந்தாள். முந்தானையை முகத்தில் ஒற்றிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

அதிலிருந்து வீட்டில் சில விஷயங்கள் மாறின. அம்மா சித்தப்பாவைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அவருக்குப் போனது. அவரோ முன்னைவிட அதிகமாகத் தட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். எல், எஸ் என்று இரண்டெழுத்து தட்டுவார், வரிசையாக என்னவோ வரும், நெற்றியைச் சுருக்குவார், மறுபடி எல், எஸ் தட்டுவார். "ரொம்பப் பேஜாரு பண்ணுது பாப்பா" என்பார். அந்த இரண்டெழுத்து, உள்ளே என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று பெயர் காட்டுமே தவிர வேறொன்றும் செய்யாது என்பதைப் பதினொன்றாம் வகுப்பில் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை அப்பா போன் பண்ணினார். குரல் வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போல இருந்தது. பல் வலி என்றார். நான் கிராம்பு வைக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எப்படியும் என்னைப் பார்த்துவிட வேண்டும் என்றேன். "சித்தப்பன் பாத்துக்குவான்" என்றார்.

சனிக்கிழமை காலையில் கண்டாச்சிபுரத்திலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம். கவுனும் கிரீடமும் அவர் செலவு. அவற்றோடு விழுப்புரத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலை தெரிந்த ஒரு பையனையும் கூட்டி வந்திருந்தார்.

"இன்னா மாப்ள, உன் ஓசி சிஸ்டம் இன்னும் முக்கிக்கினு இருக்குதா? இந்தப் பையன் வுட்டான்னா ஜல்தியா வேல முடிஞ்சிரும். அந்த லினக்ஸத் தூக்கிக் கெடாசிட்டு விண்டோஸ் போட்டுருவான். சிடி கீதில்ல?"

"சிடி இருக்குதுங்க" என்றார் சித்தப்பா.

"அப்புறம் இன்னா? அந்த மிசினக் குடு."

சித்தப்பா மேசையைத் தடவினார். இழுப்பறையைத் திறந்தார். கீழே குனிந்து பார்த்தார். பிறகு, "அடாப்டரு காலைலருந்தே காணோங்க" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீடே தேட ஆரம்பித்தது. கட்டிலுக்கு அடியில், தலையணை உறைக்குள், செருப்பு வைக்கும் மூலையில், ஜெபமாலைப் பெட்டியில், எல்லா இடத்திலும். அம்மாவும் தேடினாள், வாய் திறக்காமல். நான் சமையலறையில் இருந்த கேப்பை டப்பாவில்கூட முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினேன். விழுப்புரத்துப் பையன் காபி குடித்துவிட்டு, பொருள் இல்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

"இத்தினூண்டு பொருள வெச்சிக் காப்பாத்த வக்கில்ல. இவரு போய் உலகத்துக்கே கம்ப்யூட்டரு சொல்லிக் குடுக்கறாரு" என்றார் மாமா. சித்தப்பா சிரித்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சாயந்திரம் புதுநன்மைப் பிள்ளைகளின் குடும்பங்கள் எல்லாம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருந்தோம். சித்தப்பாவும் வரிசையில் நின்றார். தன் முறை வந்தபோது பின்னால் நின்றவரை முன்னே விட்டுவிட்டு, வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டார்.

மறுநாள் பூசையில் அம்மா என் பக்கத்தில் நின்று நன்மை வாங்கினாள். அந்தப் பக்கம் அப்பாவின் இடத்தில் மாமா நின்றார். நன்மை வாங்கித் திரும்பும்போது சித்தப்பாவைப் பார்த்தேன். எல்லோரும் எழுந்து வந்துவிட்ட வரிசையில் அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டிரைவரும் போடவில்லை, அடாப்டரையும் தொலைத்துவிட்டார், என் புதுநன்மைக்கு எழுந்துகூட வரவில்லை. அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அவர் பெஞ்சைவிட்டு எழவில்லை.

அடாப்டர் கிடைத்தால் பெரிய மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டேன். ஒரு மாதம் போயிருக்கும். அம்மா கூழுக்கு உலை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "டப்பாவுல கைய வுட்டுப் பாரு" என்றாள். நான் ஏற்கெனவே துழாவிய அதே கேப்பை டப்பா. விட்டேன். கையில் தட்டுப்பட்டது. நான் போட்ட கூச்சலில் டீச்சர் வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள்.

அன்றைக்கு சித்தப்பா அதைச் சொருகினார். ஒன்றையும் தட்டவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. அந்தோணியார் செய்தால் அரைகுறையாகச் செய்யமாட்டார், டிரைவரையும் சேர்த்தே போட்டுக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். கவுனைப் போட்டுக்கொண்டு, கிரீடத்தோடு கேமரா முன்னால் நின்றேன். திரையில் அப்பா வந்தார். தாடி வைத்திருந்தார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்தபடி இருந்தார். படம் நின்று நின்று வருகிறது, இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று சொல்லி, நான் சுற்றிச் சுற்றி நின்று காட்டினேன்.

என் கல்யாணத்துக்குத் துணி எடுத்துவிட்டு வந்த ஒருநாள் அம்மா இதையெல்லாம் சாதாரணமாகச் சொன்னாள். வகுப்பு சீக்கிரம் விட்ட அன்றைக்கே டிரைவர் வேலை செய்துவிட்டதாம். முதன்முதலாகத் திரையில் வந்த அப்பாவின் முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்ததாம். கொதிக்கும் எண்ணெய் தெறித்து, காதிலிருந்து தாடை வரைக்கும் வெந்திருந்ததாம். "புள்ள ஆண்டவர வாங்கப் போறா. இதப் பாத்துட்டு அழுதுக்கினே போய் வாங்கக் கூடாது. கட்டுப் பிரியட்டும்" என்று அப்பா கேட்டுக்கொண்டாராம்.

அப்போது சித்தப்பா அம்மாவிடம் சொன்னாராம்: "அண்ணி, நீங்க ஒண்ணுமே சொல்லாதீங்க. பொய் எல்லாம் நான் சொல்லிக்கறேன். நீங்க பாப்பா பக்கத்துல நின்னு நன்மை வாங்கணும்."

நாளைக்கும் சொல்லப்போகிற பொய்யை இன்றைக்குப் பாவசங்கீர்த்தனத்தில் வைக்க முடியாது, அதை வைக்காமல் நன்மை வாங்கவும் கூடாது. மறையறிவுப் புத்தகம் ஒழுங்காகப் படித்த எவருக்கும் அது தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. அந்த வருடம்தான் சிஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஒரே வீட்டிலிருந்து அந்தோணியாருக்கு, கிடைக்க வேண்டும் என்று ஒன்றும் இப்போது கிடைக்கக் கூடாது என்று ஒன்றுமாக, எதிரும் புதிருமாக இரண்டு விண்ணப்பம் போயிருக்கிறது. என்னுடையதை அவர் ஒரு மாதம் நிறுத்தி வைத்துவிட்டார். அந்த மெழுகுவர்த்தியில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது சரியான இடத்தில்தான் எரிந்தது.

அப்பாவைப் பார்த்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, நன்மை வரிசையில் எனக்கு முன்னால் சித்தப்பா நின்றார். வாங்கிவிட்டு வந்து வெகுநேரம் முழங்காலில் இருந்தார். பூசை முடிந்து வெளியே வரும்போது சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன்.

"இத்தினி நாளா ஏன் சித்தப்பா நன்மை வாங்கல?"

"பசிக்கல பாப்பா" என்றார். "இன்னிக்குத்தான் பசிச்சுது."

அதை நான் அப்படியே நம்பினேன். அதற்கப்புறம் ரொம்ப வருடம், நன்மை வாங்க எழுந்திருக்கும் முன்பு பசிக்கிறதா என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் வரிசைக்குப் போவேன்.