மீனைப் பற்றிய கேள்வியும் அம்மா விழுங்கிய பதிலும்

அன்று நான் சிரிக்காமல் இருந்திருந்தால் அம்மா சொல்லியிருப்பாளா?

எனக்குத் தெரியவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாகியும் தெரியவில்லை.

ஸ்பிரிட் நெடியும், யாரோ பிரித்து வைத்த பொதிச்சோற்றின் மீன் வறுவல் மணமும் கலந்த ஒரு ஹால்... திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவு. அப்பாவுக்கு சிடி ஸ்கேன். படம் தெளிவாக விழுவதற்காக நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவார்கள் என்றார்கள். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. லீவு போட்டுவிட்டுக் கூடப் போயிருந்தேன்.

நர்ஸ் வந்து அப்பாவிடம் கேட்டார்: "மீனோ கொஞ்சோ கழிச்சால் சொறிச்சில் வருமோ?"

கொஞ்சு என்றால் இறால்; சாப்பிட்டால் அரிப்பு வருமா என்கிறார். அந்த மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க அப்போது இப்படித்தான் கேட்பார்கள்.

எங்கள் வலியசாலை அக்ரஹாரத்து வீட்டில், அப்பாவின் உடம்பைப் பற்றி யார் எது கேட்டாலும் பதில் அம்மாவுடையது.

"நாங்க அதொண்ணும் தொடமாட்டோமாக்கும். வாடையே ஆகாது!"

ஹால் முழுக்கக் கேட்டது. பொதிச்சோற்றுக்காரர் விடவில்லை.

"அப்போ சாம்பாரினு அலர்ஜி உண்டோ, மாமீ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் இந்த அக்ரஹாரத்து ரகம் இல்லை, உங்களில் ஒருத்தி என்று காட்டிக்கொள்கிற சிரிப்பு.

"அதில்லை மோளே, முன்னால ஒரு தரம் இவருக்கு..." என்று நர்ஸிடம் ஆரம்பித்த அம்மா, திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லை, விடு" என்றாள்.

மருந்து ஏறிய சில நிமிடங்களில் உள்ளே ஒரே ஓட்டம். கதவு இடுக்கில் அப்பாவைப் பார்த்தேன். உதடு வீங்கி, நெஞ்செல்லாம் தடித்து, மூச்சுக்குத் தவித்து... தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்ததால் அப்பா பிழைத்தார்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கிட்னி கல்லுக்குப் படம் எடுத்தப்பவும் ஊசி போட்டதும் இப்படித்தான் தடிச்சுதுடி. நீ அப்போ ஹாஸ்டல்ல இருந்தே."

போன வாரம் எனக்கே அந்த ஸ்கேன். அங்கிருந்த பெண் மீனைப் பற்றிக் கேட்கவே இல்லை. முன்பு இந்த மருந்து ஏற்றி ஏதாவது வந்ததுண்டா, ஆஸ்துமா உண்டா, வேறு மருந்து எதுவும் ஆகாதா என்றுதான் கேட்டாள். நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. மீன் கேள்வி என்ன ஆயிற்று என்று கேட்டேன். மீனுக்கும் இதற்கும் தனித் தொடர்பு எதுவும் இல்லையாம். முன்பு ஒரு தடவை வந்திருந்தால் அதுதான் முக்கியமாம். அப்படிப்பட்டவர்களுக்கு மருந்தை மாற்றுவார்கள், முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள்.

அதாவது, அம்மா சொல்ல வந்ததுதான் அன்று கேட்டிருக்க வேண்டிய பதில்.

ஸ்கேன் முடிந்து அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அந்த "விடு"தான் காதில்...

அம்மா இப்போதும் அடுத்த அறையில்தான் இருக்கிறாள். கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை.

அப்பாவின் ஸ்கேனுக்கு மறுநாள் நடந்தது இவ்வளவுதான். வார்டுக்கு வந்த டாக்டர் அம்மாவிடம், "முன்னாடி எப்பவாவது இப்படி வந்திட்டுண்டோ?" என்று கேட்டார்.

அம்மா முதலில் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதன் பிறகுதான் சொன்னாள்.