ரொட்டி சொன்ன விலாசம்

ஃபெஸ் நகரத்துப் பழைய சந்துகளில் கைபேசி காட்டும் வழியை நம்பினால் அவ்வளவுதான். காசாபிளாங்காவிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த பெண், தங்கியிருந்த வீட்டைத் தேடி நான்கு முறை அலைந்து, ஐந்தாவது முறையும் ரொட்டி சுட்டுக் கொடுக்கும் பெரியவர் புஷ்தாவின் அடுப்பு முன்னால்தான் வந்து நின்றாள்.

"சாச்சா, வீட்டுக்காரம்மா பேரும் மறந்துபோச்சு."

"பேரு எதுக்கு? காலையில அங்க தின்ன ரொட்டி மிச்சம் இருக்கா?"

பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். அந்த வட்டாரத்து வீடுகளெல்லாம் மாவைத் தட்டி, சுடுவதற்கு அவரிடம்தான் அனுப்பும். முப்பது வருஷத்தில் ஒரு வீட்டு ரொட்டிகூட இன்னொரு வீட்டுக்கு மாறிப் போனதில்லை. புஷ்தா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகர்ந்தார்.

"சோம்பு தூக்கல். ஓரத்துல மூணு குத்து. உன் வீட்டுக்காரம்மா லல்லா ஃபத்தூம் கைதான். செருப்புக் கடை தாண்டி இடப்பக்கம், பச்சைக் கதவு."

அவள் துண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். மூலையில் கரிக்கட்டையாய்க் கிடந்த ரொட்டிகளைக் காட்டி, "அது யார் வீட்டுது?" என்று கேட்டாள்.

புஷ்தா பெருமூச்சு விட்டார்.

"என் வீட்டுது. ஊரார் ரொட்டியைப் பாத்துப் பாத்து எடுக்கறதுல இது மறந்துபோகுது, தினமும். உனக்கு வழி சொல்லிட்டேன்மா. இதைத் தூக்கிக்கிட்டு நான் எப்படி வீட்டுக்குப் போறதுன்னு யாரு சொல்றது?"