பாட்டரிக்கடை பிளெஸ்ஸியும் அறுப்பின் பண்டிகை அண்டாக்களும்

ஆந்திரா சித்தூரில் எங்கள் கிறிஸ்தவ சபையில் பிளெஸ்ஸியைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதில் பாதி கட்டுக்கதை. ஆலய விருந்துகளுக்குச் சமையல் பொறுப்பு என்னுடையது. அண்டா விவகாரம் நடந்தது என் அடுப்புக்கு முன்னால்தான். ஆகவே நான் சொல்வதை நம்பலாம். நம்பாதவர்கள் அடுத்த விருந்தில் என் சாம்பாரைத் தொடாமல் எழுந்து போகட்டும்.

பிளெஸ்ஸி குப்பம் பக்கத்துப் பெண். எங்கள் சபை சுந்தர்ராஜைக் கட்டிக்கொண்டு வந்தாள். சுந்தர்ராஜ் லாரி பாட்டரிகளைச் சரிசெய்கிறவன். ஆலயத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி, ரோட்டைப் பார்த்தபடி சபைக்குச் சொந்தமான ஓர் அறை உண்டு. அதுதான் அவன் கடை. தொண்ணூற்று மூன்றில் அவன் குவைத்துக்குப் போனான். அப்போது எங்கள் ஜில்லாவில் தெருவுக்கு நாலு பேர் பாஸ்போர்ட்டும் கையுமாக அலைந்தார்கள். கடையை யாருக்காவது கைமாற்றிவிடு என்று எல்லாரும் அவனுக்குப் புத்தி சொன்னார்கள், நான் உள்பட.

"எதுக்கு? நான் இருக்கறன் இல்ல?" என்றாள் பிளெஸ்ஸி.

இருந்தாள். ஒரே வருஷத்தில் புருஷனைவிடக் கெட்டிக்காரியாகிவிட்டாள். வெளிநாட்டுச் சரக்குக்கு நாட்டின் கதவு திறந்த காலம் அது. புதுப் புதுக் கார்கள் வந்தன, கேபிள் டி.வி. வந்தது, எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன, கரண்ட் மட்டும் வரவில்லை. ஆகவே எல்லாருக்கும் பாட்டரி வேண்டியிருந்தது. லாரி டிரைவர்கள் பாட்டரியில் சார்ஜ் ஏறிவிட்டதா என்று பார்க்க வந்து வாசலில் நின்று, "அம்மா, சார்ஜ் அயிந்தா?" என்று தெலுங்கில் கேட்பார்கள். அவளும் அதே மூச்சில், "அயிந்தண்ணா, தண்ணி ஊத்தாம ஓட்டிக்கினு வந்தா இன்னா ஆகும்?" என்று இரண்டு பாஷையிலும் சேர்த்துத் திட்டுவாள். பழைய பாட்டரியிலிருந்து எடுத்த காரீயத்தை இரும்புக் கரண்டியில் உருக்கி, அச்சில் ஊற்றிப் புது முனை வார்ப்பதில் அவளுக்குக் கை நடுங்கியதே இல்லை.

அவளிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. கடைக்குள் ஒரு வாய் டீகூடக் குடிக்க மாட்டாள். கடைக்கென்று தனிப் புடவை. அதை வீட்டு வாசலிலேயே அவிழ்த்து வாளியில் போட்டுவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினால்தான் அடுப்பங்கரைக்குப் போவாள். பெற்ற மகளையே கடைப்படி ஏற விடமாட்டாள். ஆசாரம் பார்க்கிறாள் என்று எங்கள் பெண்கள் அவளுக்கு 'மடி பிளெஸ்ஸி' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அவளோடு படித்த சந்திரம்மாவின் கதை எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. சந்திரம்மா நாயுடுபேட்டைப் பக்கம் ஒரு கொட்டகையில் பழைய பாட்டரி உடைக்கும் வேலைக்குப் போனாள். அங்கேயே சோறு, கைக்குழந்தையும் அங்கேயே. கொஞ்ச நாளில் வயிற்றைச் சுருட்டிப் பிடித்தது. மணிக்கட்டு தொங்கிப்போனது. திருப்பதி ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் காரீயம் என்றார்கள். அவள் எப்படியோ தேறிவிட்டாள். குழந்தை நாலு வயதாகியும் பேசவில்லை. பிளெஸ்ஸி அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாளாம். பயந்து கடையை மூடவில்லை. சோப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் சுபாவம் அப்படி.

இனி இஸ்ரேல் மாமா. சபையின் பொருளாளர், சுந்தர்ராஜின் தாய்மாமன், லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். நல்ல மனிதர்தான், கௌரவம் கொஞ்சம் தூக்கல். கடை இருந்த அறையை வருஷா வருஷம் புதுப்பித்துக் கொடுப்பது அவர் கையில் இருந்தது. தொண்ணூற்று ஏழில் அவருடைய சின்ன மகன் எஸ்.டி.டி. பூத் வைக்க இடம் தேடினான். ரோட்டோர அறை, கண்ணில் படாமல் இருக்குமா? பிளெஸ்ஸி போய்க் கேட்டபோது, "பண்டிகை முடியட்டும்மா, பேசிக்கலாம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். அந்த அறை போனால் அவளுக்கு மெயின் ரோட்டில் வேறு இடம் கிடைக்காது. ஆசிட்டும் புகையுமான தொழிலுக்கு யார் கதவு திறப்பார்கள்? பண்டிகை முடியும்வரை வாயைத் திறக்காதே என்று நானே அவளுக்குச் சொன்னேன்.

அறுப்பின் பண்டிகை எங்களுக்கு வருஷத்தில் பெரிய நாள். நெல், கரும்பு, பூசணி, கோழி என்று அவரவர் விளைச்சலில் முதல் பங்கைக் கொண்டுவந்து படைப்பார்கள். பிறகு அதையே ஏலம் போடுவார்கள். வீம்புக்கு ஏலம் கேட்டு ஒரு பூசணிக்காயை ஆட்டு விலைக்கு எடுத்துப்போகிறவர்கள் எங்களவர்கள். ஏலம் முடிந்ததும் சபை முழுவதற்கும் விருந்து. அதைச் சமைப்பது மிஷன் காலத்துப் பித்தளை அண்டாக்கள் நான்கில். பண்டிகைக்கு முன்னால் அவற்றுக்கு உள்ளே வெள்ளீயம் பூச வேண்டும். பூசாத பித்தளையில் புளி பட்டால் சாம்பார் களிம்பேறிவிடும். பூச்சுக்கான உலோகத்தை யாராவது ஒருவர் காணிக்கையாகக் கொடுப்பார், ஆராதனையில் அவர் பெயரை வாசிப்பார்கள். அந்த வருஷம் இஸ்ரேல் மாமா கொடுத்தார். பேத்தி பிறந்ததற்கு நேர்ந்துகொண்டிருந்த காணிக்கை அது.

சனிக்கிழமை மத்தியானம் பூச்சு வேலைக்கார நாகபூஷணம் வேலையை முடித்திருந்தார். அண்டாவைச் சூடேற்றி, நவச்சார உப்பைத் தூவி, உருகிய உலோகத்தை வெள்ளைப் புகை கிளம்பக் கிளம்பப் பஞ்சால் தேய்த்திருந்தார். நாலும் கண்ணாடி மாதிரி மின்னின. எனக்கு மகா திருப்தி. காய்கறி நறுக்க வந்த பெண்களோடு பிளெஸ்ஸியும் வந்தாள். முதல் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணா, இது இன்னா கலர்?"

"வெள்ளிக் கலர். ஏன்?"

"நீலம் பாயுதே." தன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து உள்ளே ஒரு இழுப்பு இழுத்தாள். துணியில் பென்சில் கோடு போலக் கருப்பாகப் படிந்தது. நகத்தால் கீறினாள், கீறல் விழுந்தது.

நாகபூஷணத்திடம் பூசியதுபோக மீதிக் கட்டி இருந்தது. அதை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள். தினமும் தூக்குகிற கனம் அவளுக்குத் தெரியாதா? பிறகு, அவர் தன் பையில் வைத்திருந்த சுத்த வெள்ளீயக் குச்சி ஒன்றையும் கேட்டு வாங்கினாள். என் காதருகே வைத்து வளைத்தாள். கறகறவென்று முனகியது. கட்டியிலிருந்து வெட்டிய துண்டை வளைத்தாள். மூச்சுக்கூட விடவில்லை.

"வெள்ளீயம்னா வளைச்சா கத்தும்ணா. காரீயம் ஊமை. இது முக்கால்வாசி ஊமை."

நாகபூஷணம் தலையைச் சொறிந்தார். "பெத்தாயன இச்சிந்தே, பெரியவரு குடுத்ததையேதான் பூசினேன்மா. வெலை ஜாஸ்தின்னு எல்லா ஊர்லயும் கலக்கறாங்க. ஒட்டறதும் நல்லா ஒட்டுது." அவர் சொன்னதிலும் பொய் இல்லை. இரண்டையும் கலந்தால் சீக்கிரம் உருகும், நன்றாகப் பிடிக்கும். ரேடியேட்டர் ஓட்டையை அடைக்க அதைவிட உசத்தி கிடையாது. ஆனால் ரேடியேட்டரில் யாரும் சாம்பார் வைப்பதில்லையே!

அதற்குள் இஸ்ரேல் மாமா பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். நான் பிளெஸ்ஸிக்குக் கண்ணைக் காட்டினேன். உன் கடையை நினைத்துக்கொள் என்பதுதான் அதற்கு அர்த்தம். அவளுக்கும் புரிந்தது. ஒரு நொடி ரோட்டுப் பக்கம், தன் அறை இருக்கும் பக்கம் பார்த்தாள். அப்புறம் திரும்பிவிட்டாள்.

"மாமா, இதுல சமைக்க வேணாம். காரீயம் கலந்திருக்குது."

"இன்னாடி சொல்ற? நான் குடுத்த காணிக்கைய குத்தம் சொல்றியா?" அவர் முகம் சிவந்தது. "நாள் முச்சூடும் அதையே உருக்கிக்கினு இருக்கறவ நீ. நீ செத்தா போயிட்ட?"

"அதனாலதான் மாமா சொல்றன். அது கெட்ட பொருள் இல்ல, எனக்குச் சோறு போடுது. ஆசிட்டுலயே ஊறவெச்சாலும் தாங்கும், அதுக்காகத்தான் பாட்டரில வெக்கறாங்க. ஆனா புளியோட புளிப்பு வேற ஜாதி, அது பட்டா கரைஞ்சி சாம்பார்ல எறங்கிடும். வெள்ளீயம் அப்படி இல்ல, வயித்துக்குக் கெடுதல் பண்ணாது. ஒண்ணு பாட்டரிக்குள்ள இருக்கணும், ஒண்ணு பாத்திரத்துக்குள்ள இருக்கணும். எடம் மாறக்கூடாது."

"ஒரு வேளை சாப்பாட்டுல ஒண்ணும் ஆவாது. கொண்டா, மொதல்ல நானே குடிக்கறன்."

"நீங்க குடிச்சா ஒண்ணும் தெரியாது மாமா. அது அன்னிக்கே காட்டிக் குடுக்கற விஷம் இல்ல. கொஞ்சம் கொஞ்சமா எலும்புல போயி ஒக்காந்துக்கும். சின்னப் புள்ளைங்களதான் மொதல்ல புடிக்கும்." அவள் குரல் உடைந்தது. கோபமில்லை, சந்திரம்மாவின் குழந்தை ஞாபகம் என்று இப்போது நினைக்கிறேன். "உங்க பேத்திக்கு ஊட்டுங்க, பாக்கறன். நீங்க ஊட்டினா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

இஸ்ரேல் மாமா பேத்தியைத் தோளிலிருந்து இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். விலை குறைவென்று பழைய இரும்புக் கடையில் கட்டி வாங்கியபோதே அவருக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். திரும்பி விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றும் பெருமை. நான் கல்யாண மண்டபத்துக்கு ஓடி எவர்சில்வர் தவலைகள் இரவல் வாங்கினேன். போதவில்லை. 'மடி பிளெஸ்ஸி' என்று சிரித்த அதே பெண்கள் தங்கள் வீட்டுப் பாத்திரங்களைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விருந்து தாமதமானது, சாம்பார் ஒவ்வொரு பந்திக்கும் ஒவ்வொரு ருசி. ஆனாலும் பிள்ளைகள் இலையை வழித்துத் தின்றதைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இஸ்ரேல் மாமா விருந்துக்கு வரவில்லை.

திங்கட்கிழமை, மண்டபத்துத் தவலைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும் வழியில் பிளெஸ்ஸி கடை வாசலில் நின்றேன். இஸ்ரேல் மாமா வந்தார். கையில் ஒரு பூட்டு. நான் வாதாடத் தயாரானேன். பிளெஸ்ஸி அதற்கு இடமே கொடுக்கவில்லை. முன்பே எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்திருந்தாள். சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இந்தாங்க மாமா. ஆனா ஒடனே யாரையும் உள்ள விடாதீங்க. வருஷக் கணக்கா இங்க காரீயம் உருக்கியிருக்குது. தரைலயும் சுவத்துலயும் அந்தத் தூசு ஏறியிருக்கும். ரெண்டு நாள் குடுங்க, நானே தரையக் கொத்தி எடுத்து, புதுசா சிமெண்ட் போட்டு, சுண்ணாம்பு அடிச்சிட்டுப் போறன். அதுக்கப்புறம் பூத் வைங்க."

இஸ்ரேல் மாமா சாவியைத் தொடவில்லை. "உன்ன வெளிய அனுப்பறதுக்கு வந்திருக்கறன். என்கிட்ட எதுக்கும்மா இதெல்லாம் சொல்லிக்கினு இருக்கற?"

"வெளிய போறது நான்தான மாமா? உள்ள வந்து தவழப்போறது யார் புள்ளயோ."

அவர் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திறந்தார், மூடினார். அது புத்தம்புதுப் பூட்டு, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"இது சரியில்ல," என்றார். "நல்லதா ஒண்ணு வாங்கிக்கினு வரேன். அதுவரைக்கும் நீயே பாத்துக்கோ."

சாவி மேசைமேலேயே இருந்தது. அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டினார். மகனுடைய பூத்தைப் பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் திறந்தார்கள். பிளெஸ்ஸி இன்றைக்கும் அதே அறையில்தான் பாட்டரி சரிசெய்கிறாள். அந்த நல்ல பூட்டை இஸ்ரேல் மாமா கடைசிவரை வாங்கி வரவில்லை.