அறுபத்துமூன்றாம் வரிசையின் பதினொரு படிகள்

"குமாரி ஜிதாபா சைமூன், எதையும் கேள்வி கேட்டே ஏற்கும் சுதந்திரச் சிந்தனையாளர். ஐயம் எழுந்தால் ஆசிரியரிடமும் அஞ்சாது கேட்பவர். உயிர்வேதியியலின் உண்மையை மூலநூல் வரை தேடிச் சென்றவர். இவரது துணிவைப் பாராட்டி 2560-ஆம் புத்த ஆண்டின் சிறப்பு மாணவர் விருது வழங்கப்படுகிறது."

துறைத் தலைவர் கையெழுத்திட்ட இந்தச் சான்றிதழ் தாய்லாந்தின் வடகிழக்கே ரோய்எட்டில் அவளுடைய அம்மா நடத்தும் சுட்ட கோழிக் கடையின் சுவரில், புகை படாத ஒரே மூலையில் தொங்குகிறது. ஜிதாபாவை அந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டதில்லை. வீட்டிலும் வகுப்பிலும் அவள் கூங், அதாவது இறால். பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தாளாம். துணிவைப் பற்றிச் சொல்வதென்றால், பேருந்தில் மணியடித்து நிறுத்தினால் ஓட்டுநருக்குத் தொந்தரவாகுமே என்று, வேறு யாராவது அடிக்கும் நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருபவள்.

கூங் சத்துணவியல் மாணவி. அறிமுக உயிர்வேதியியலில் முதல் தடவை தோற்றுப் போனதற்குக் காரணம், பாடம் நடத்திய ஆஜானை, அதாவது ஆசிரியர் விச்சித்தை, அவள் கவனித்துக் கேட்டதுதான். அவர் ஒரு மணி நேரத்தில் நூற்று நாற்பது ஸ்லைடு காட்டுவார். முடிந்ததும் "சந்தேகம் உண்டா?" என்பார். நூற்றெண்பது பேரும் மேசையைப் பார்ப்பார்கள். மூன்று விநாடி பொறுத்து, "எல்லாருக்கும் புரிந்துவிட்டது" என்று மகிழ்ச்சியோடு போய்விடுவார். எல்லாரும் கும்பிடுவார்கள்.

விவரம் தெரிந்தவர்கள் ஆஜானை நம்புவதில்லை, வரிசையை நம்புவார்கள். பல்கலைக்கழகத்தில் சேரும்போது ஒட்டிக்கொள்ளும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் யாருக்கெல்லாம் ஒரே மாதிரியோ, அவர்கள் ஆண்டு வித்தியாசமில்லாமல் ஒரே குடும்பம். மூத்தவர் இளையவருக்குப் பிறந்தநாள் கேக் வாங்கித் தருவார், காதல் தோல்விக்கு ஆறுதல் சொல்வார், முக்கியமாகக் குறிப்பேட்டைக் கைமாற்றுவார். கூங்கின் எண் அறுபத்துமூன்று. அறுபத்துமூன்றாம் வரிசையின் உயிர்வேதியியல் குறிப்பேடு பதினான்கு ஆண்டுகளாக நகலின் நகலாக இறங்கி வருவது. மற்ற வரிசைக்காரர்கள் அதைக் கேட்டு ஐஸ் காபியோடு வந்து நிற்பார்கள்.

அந்த ஏட்டில், குளுக்கோஸ் சிதையும் கிளைகாலிசிஸ் என்ற பாதைக்குப் பதினொரு படிகள். அவற்றை வரிசையாக நினைவில் வைக்க ஒரு நாட்டுப்புற மெட்டில் பாட்டும் உண்டு, பதினொரு அடி. தேர்வு வாரத்தில் விடுதிக் குளியலறைகளில் அதுதான் ஒலிக்கும்.

இரண்டாவது தடவையும் தோற்றால் கூங் 'ரிட்டயர்'. அதாவது பல்கலைக்கழகம் அவளைப் பத்தொன்பது வயதில் வீட்டுக்கு அனுப்பிவிடும். "எம் பொண்ணு டாக்டர் மாதிரி ஒண்ணுக்குப் படிக்குது" என்று கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் கோழியோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மா. அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெறுவது எப்படி என்று கூங்குக்குத் தெரியவில்லை. ஆகவே இம்முறை வரிசையின் ஏட்டைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள். வளாகத்துச் சாமிக்கு ஐம்பது அவித்த முட்டை நேர்ந்துகொண்டாள்.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கையில் பப்பாளி சாலட்டின் ஊறல்மீன் சாறு ஏட்டில் கொட்டியது. கிளைகாலிசிஸ் பக்கத்தில் ஒன்பதாவது படி மட்டும் கரைந்து போயிற்று. நாற்றம் எல்லாப் படிக்கும் பரவியது. அந்த ஒரு வரியை நிரப்புவதற்காகத்தான், உண்மையைத் தேடி அல்ல, அவள் நூலகத்துக்குப் போனாள்.

தடித்த உயிர்வேதியியல் புத்தகத்தைத் திறந்தபோது அதன் முதுகு சடசடவென்று முறிந்தது. அதுவரை யாரும் திறந்திருக்கவில்லை. அதில் பத்துப் படிகள்தான் இருந்தன. மறுபடி எண்ணினாள். விரல் விட்டு எண்ணினாள். விரலும் படியும் ஒன்றாக முடிந்தன. ஏட்டை வெளிச்சத்தில் பிடித்து, கரைந்த வரியில் மிஞ்சிய ஓரிரு எழுத்துகளைப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. எட்டாவது படி ஒரு பக்கத்தின் அடியில் இருந்தது. பதினான்கு ஆண்டுக்கு முன் யாரோ ஒரு மூத்தவர் தூக்கக் கலக்கத்தில் அதையே அடுத்த பக்கத்தின் தலையில் இன்னொரு தடவை எழுதி, ஒன்பது என்று எண் போட்டிருக்கிறார். கரைந்து போன வரி அதுதான்.

மூத்தவளிடம் சொல்லிவிடுவது என்று புறப்பட்டாள். வரிசையில் அவளுக்கு மூத்தவளின் செல்லப்பெயர் கேக். முதுகலை மாணவி, ஆஜானின் உதவியாளர். வினாத்தாளைத் தட்டச்சு செய்வதும் விடைத்தாளைத் திருத்துவதும் அவள். கையெழுத்து மட்டும் ஆஜானுடையது. உணவகத்தில் ஒட்டரிசியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு சின்ன விஷயம்."

"என்னடி, மறுபடியும் பெயிலா? இன்னும் எழுதவே இல்லியே!"

"இல்லக்கா. கிளைகாலிசிஸ்ல... லைப்ரரி புக்ல பத்துதான் போட்டிருக்கு."

"யாரு எழுதின புக்கு?"

"அமெரிக்காக்காரங்க."

"அவங்க ரொட்டி திங்கிறவங்க, பத்துல முடிஞ்சிருக்கும். நாம ஒட்டரிசி. ஒண்ணு கூடத்தான் ஆகும்." கேக் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, குரலைத் தணித்தாள். "ஏய், எட்டும் ஒன்பதும் ஒரே என்சைம்தான், நானும் பாத்திருக்கேன். குளுக்கோஸ் நடுவுல ரெண்டா உடையுதில்ல? ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவை. அதான் ரெண்டு. வரிசையில எனக்கு மூத்த அண்ணன் சொல்லிக் கொடுத்தது."

அப்படியானால் ஆறாவது படியிலிருந்து எல்லாமே இரண்டு தடவை வர வேண்டுமே என்ற கேள்வி கூங்கின் தொண்டை வரை வந்தது.

"ஆமாக்கா," என்றாள்.

"நம்ம வரிசையில இதுவரைக்கும் ஒருத்தரும் பெயிலானதில்ல, உன்னைத் தவிர. நல்லாத்தான் இருந்துச்சு ஏடு, நீ மீன்சாறு ஊத்துற வரைக்கும். போய்ப் பாட்டைப் பாடு, போ."

அடுத்த நாள் ஒரு பை சீத்தாப்பழமும் அந்தத் தடித்த புத்தகமுமாக ஆஜானின் அறை வாசலில் நின்றாள். அரை மணி நேரம் கதவைத் தட்டவில்லை. அவரே வெளியே வந்தபோது மாட்டிக்கொண்டாள்.

"என்னம்மா, கேள்வியா?" ஆஜானுக்கு நம்ப முடியவில்லை. "பதினொரு வருஷத்துல கேள்வியோட வந்த முதல் ஆள் நீ. உள்ள வா, உக்காரு. கேளு, பயப்படாம கேளு."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவருடைய உதவியாளர் சொல்வது தப்பு என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொன்னால் கேக் அக்காவுக்குத் தலைகுனிவு. கையெழுத்துப் போட்டவருக்கு அதைவிட.

"ஆஜான்... பரீட்சை எத்தனை மணிக்குங்க?"

"ஒன்பது மணிக்கு." அக்குளில் இருந்த புத்தகத்தை அவர் பார்த்தார். "இதையா படிக்கிற? முழுசாவா? உன் பேர் என்னம்மா?" ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அந்தத் தாளிலிருந்து வளர்ந்ததுதான் சான்றிதழ்.

தேர்வன்று முதல் கேள்வியே அதுதான்: 'கிளைகாலிசிஸின் படிகளை வரிசையாக எழுதுக.' பக்கத்தில் அடைப்புக்குள் பதினொரு மதிப்பெண்.

கூங் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பத்து எழுதினால் கேக் குறைப்பாள். கூங் இருந்த நிலையில் ஒரு மதிப்பெண் என்பது ரோய்எட்டுக்கு ஒரு டிக்கெட். பதினொன்று எழுதினால் தெரிந்தே ஒரு பொய். முன்வரிசையில் யாரோ முணுமுணுத்த மெட்டு காதில் விழுந்தது. இருபது நிமிடம் கழித்து எழுதத் தொடங்கினாள்.

நூற்றெண்பது விடைத்தாளை ஒரே மதியத்தில் திருத்திய கேக் கடைசி எண்ணை மட்டும் பார்த்தாள். பதினொன்று இருந்தது, பதினொன்று போட்டாள். கூங் தேர்ச்சிக் கோட்டை ஒரே ஒரு மதிப்பெண்ணில் தாண்டினாள். முட்டைகள் அன்றே செலுத்தப்பட்டன.

முழு மதிப்பெண் வாங்கிய விடை என்பதால், மீன்சாறு பட்ட பக்கத்துக்குப் பதில் அந்த விடைத்தாளின் நகல் வரிசையின் ஏட்டில் ஏறியது. அடுத்து வந்தவர்கள் அதற்கும் விளக்கம் கண்டுபிடித்துவிட்டார்கள்: ஒன்பதாவது படியில் ஒன்றும் நடப்பதில்லை, குளுக்கோஸ் அங்கே சற்று மூச்சு வாங்கிக்கொள்கிறது. பாட்டிலும் அந்த இடத்தில் ஒரு கைத்தட்டு சேர்ந்துவிட்டது. கூங் இப்போது மாவட்ட மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளுக்கு எவ்வளவு ஒட்டரிசி தின்னலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதுவும் அவர்கள் கேட்டால்தான்.

அன்று தேர்வு அறையில் அவள் செய்தது இவ்வளவுதான். ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டாள். பத்துப் படிகளைச் சரியாக எழுதினாள். ஒன்பதுக்கு எதிரே எதுவும் எழுதவில்லை.