பிரவுன் அட்டை போட்ட நாவல்

பதினைந்து வயதுப் பெண். ஒரு புத்தகத்துக்கு பிரவுன் அட்டை போட்டு, 'வேதியியல்' என்று லேபிளும் ஒட்டி, தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். பெற்ற தாய்க்கு என்ன தோன்றும்?

எனக்கும் அதேதான் தோன்றியது!

போன ஞாயிற்றுக்கிழமை, மகள் டியூஷன் போன நேரம் பார்த்துப் பிரித்தேன். காதல் கதையாக இருந்தால் இன்று ஒரு கை பார்த்துவிடுவது என்று...

பார்த்தால், இளையோர் நாவல். தம்பியைப் பறிகொடுத்த பள்ளி மாணவி ஒருத்தி, யாரிடமும் அதைச் சொல்லாமல், அவன் சைக்கிளைத் தினமும் துடைத்து வைக்கிறாள். நின்றபடியே முப்பது பக்கம் படித்தேன். குக்கர் எத்தனை விசில் அடித்ததோ, தெரியாது.

எனக்கும் ஒரு தம்பி இருந்தான். செல்வம். பத்தொன்பது வயதில், உசிலம்பட்டி ரோட்டில் ஒரு பைக் விபத்து... போய்விட்டான். அவன் பெயரை எடுத்தாலே நான் அழுதுவிடுவேன் என்று எங்கள் ஆனையூர் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

மகள் வந்தாள். என் கையில் புத்தகத்தைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது.

"நீ அழுவன்னுதாம்மா அட்டை போட்டேன்."

நான் மறைக்க, அவள் மறைக்க... நல்ல குடும்பம்!

புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு அவளே கேட்டாள். "செல்வம் மாமா இருந்திருந்தா, எனக்கு அவரு மடியில வச்சுத்தானம்மா காது குத்தியிருப்பாங்க?"

எங்கள் பக்கம் தாய்மாமன் மடிதான். தம்பி இல்லாததால், என் பெரியப்பா மகனை உட்காரவைத்தோம். அன்று நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. செல்வத்தின் நீலக் கட்டம் போட்ட சட்டையை மடித்து, அந்த அண்ணன் மடியில் விரித்தேன். "பிள்ள ஈரம் பண்ணிரும்ணே" என்று ஒரு பொய்யும் சொன்னேன்.

அதை மகளிடம் சொன்னேன். செல்வம், செல்வம் என்று பெயர் சொல்லியே சொன்னேன். அழத்தான் செய்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நெசமாவே ஈரம் பண்ணிட்டேனாம்மா?"

"பண்ணுன. சட்ட பூராவும்."

"அப்ப மாமா மடியிலதான் போயிருக்கேன்!"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அழுதுகொண்டே நானும் சிரித்தேன். அவனும் இப்படித்தான், எதையும் கேலியாக்கிவிடுவான்.

டேய் செல்வம்... உன் மருமகளை ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போயிருக்கலாம்டா.